முடிக்குச் சாப்பிட்ட மாத்திரையும் பொய் சொன்ன தைராய்டு ரிப்போர்ட்டும்

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால், தோல் மருத்துவர் எழுதித் தந்த 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைத் தினமும் காலையில் விழுங்கி வந்தேன். இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தின் சலுகைத் திட்டத்தில் தைராய்டையும் பார்த்துக்கொண்டேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவாக 0.06, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அதிகமாக 3.1 என இரண்டும் தடித்த எழுத்தில் வந்தன. அன்று மாலையே அங்கிருந்து அழைத்து, தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று அச்சுறுத்தி, தங்கள் மருத்துவருடன் தொலைபேசியில் பேசவைத்தார்கள். நான்கு நிமிடத்தில் அவர் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மருந்தை எழுதிவிட்டார். படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு உண்டா என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அவை எதுவும் இல்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதையும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபரிசோதனை செய்தபோதும் ஏறக்குறைய அதே எண்கள் வர, மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அதற்குள் எனக்கு முகம் வீங்கி, மலச்சிக்கல் வந்து, வெயில் நேரத்திலும் போர்வை தேவைப்பட்டது. கடைசியில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி 56 என்று எண்ணி முடித்தவர், "முடிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பல ஆய்வுக்கூடக் கருவிகள் ஹார்மோனைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயோட்டினையும் அதனோடு இறுக ஒட்டும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பயன்படுத்துவதால், இரத்தத்தில் மிதக்கும் மாத்திரைப் பயோட்டின் அந்த இடங்களை அடைத்துக்கொண்டு, டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம்தான். நான் விழுங்கியதோ அதைப்போல் 300 மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது என்பதை அறிந்தபோது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வேறோர் இடத்தில் எடுத்தபோது டி.எஸ்.எச். 19 என்று மிக அதிகமாக வந்தது; தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அதற்குப் பொருள். இல்லாத நோய்க்குத் தந்த மருந்து, நன்றாக இருந்த தைராய்டை முடக்கியிருந்தது. மருத்துவர் சொற்படி கார்பிமசோலை நிறுத்திய இரண்டு மாதத்தில் அது இயல்பான அளவான 2.4-க்கு இறங்கியது.

தைராய்டுக்கு இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. என்னைப் போல் அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடி, நகத்துக்கென விற்கும் சத்து மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வைட்டமின் பி7 என்றிருந்தாலும் அது பயோட்டின்தான்.

அந்த ஆய்வுக்கூடத்திடம் முறையிட்டேன். கருவியில் பிழையில்லை என்று பதில் எழுதி, ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்க அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான எழுத்தில், பயோட்டின் பற்றிய ஒரு வரி இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை.