ஒரே துருக்கியச் சொல்: ரஷ்யாவில் கொட்டகை, பால்கனில் மாளிகை

மாஸ்கோவுக்கு வெளியே தோட்டவீடு வைத்திருப்பவர் "அது சராயில் கிடக்கிறது" என்றால், மண்வெட்டியும் விறகும் போட்டுவைக்கும் மரக் கொட்டகையைச் சொல்கிறார். போஸ்னியாவின் தலைநகரான சராயெவோவின் பெயரில் உள்ள சராயோ, ஒட்டோமான் ஆளுநரின் மாளிகை. பாரசீகத்தில் பிறந்து, துருக்கிய மொழிகள் வழியாக இரு பக்கமும் போன ஒரே சொல்தான்.

போன வழிதான் வேறு. ரஷ்ய மொழிக்கு இத்தகைய சொற்கள் பெரும்பாலும் தாத்தார் வகை மொழிகளிலிருந்து, 13ஆம் நூற்றாண்டில் எழுந்த பொன் கூட்டம் என்ற மங்கோலிய அரசின் ஆட்சிக் காலத்தில் வந்தன. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் பேசும் செர்பிய, பல்கேரிய மொழிகளுக்குக் கொடுத்தது ஒட்டோமான் துருக்கி. அங்கே 19ஆம் நூற்றாண்டு வரை ஒட்டோமான் ஆட்சி நீடித்தது, துருக்கியர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள். அதனால் பால்கன் பக்கம் பழைய பொருள் அவ்வளவாக நழுவவில்லை என்பது என் கணிப்பு.

'பாக்சே' என்றால் துருக்கியில் தோட்டம். செர்பியனில் அது 'பாஷ்தா' ஆகியும் தோட்டம்தான். பெல்கிரேடு உணவகங்களில் வெளியே மேசை போட்ட இடமும் பாஷ்தாதான். ரஷ்யனில் 'பக்சா' என்றால் தர்பூசணியும் முலாம்பழமும் விளையும் வயல்.

எனக்குப் பிடித்தது 'சார்தாக்'. பாரசீகத்தில் நான்கு வளைவுக் கட்டடம். ரஷ்யனில் 'செர்தாக்' ஆகி, கூரைக்கடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் பரணாகிவிட்டது. பல்கேரியாவின் பழைய மர வீடுகளில் அது மாடித் தாழ்வாரம். வடக்கு செர்பியாவில் மக்காச்சோளக் கதிரைக் காயவைக்கும் மரக் குதிருக்கும் அதே பெயர். வானத்திலும் இல்லாமல் மண்ணிலும் இல்லாமல் தொங்கும் சார்தாக் பற்றிச் செர்பிய நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு. அந்தக் கதையில் பரண் ஒன்றையோ சோளக் குதிர் ஒன்றையோ வைத்துப் பாருங்கள், மாயமே போய்விடும்.

'பாலிக்' என் கணிப்பைக் கொஞ்சம் கெடுக்கிறது. துருக்கியில் எந்த மீனும் பாலிக்தான். ரஷ்யனில் உப்பிட்டு உலர்த்திய உயர்தர மீன் முதுகுத் துண்டு மட்டும். பல்கேரியப் பேச்சுவழக்கிலோ, எளிதில் ஏமாறும் ஆள்!

போலிஷ் மொழிக்கும் பங்கு உண்டு. ரஷ்யனில் 'பொகதீர்' பழங்கதை மாவீரன். போலிஷில் 'பொஹாதெர்' நாவலின் கதாநாயகனும்கூட. (நம்மூர் ராவ் பகதூரில் வருகிற பகதூரும் இவர்களுக்கு உறவு.)

பொருள் அப்படியே இருந்தும் மதிப்பு மாறியதுண்டு. பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும் 'கொம்ஷியா' பெல்கிரேடில் அன்றாடச் சொல். குரோஷியத் தலைநகர் சாக்ரெப்பில் 'சுசியெத்' என்ற ஸ்லாவியச் சொல்லைத்தான் எழுதுவார்கள். பல்கேரியாவில் ஒட்டோமான் ஆட்சியிலிருந்து கிடைத்த 1878 விடுதலைக்குப் பிறகு துருக்கியச் சொற்கள் பல எழுத்து மொழியிலிருந்து விலக்கப்பட்டன. கொம்ஷியா பேச்சில் தங்கிவிட்டது, அரசுப் படிவத்தில் 'சசெத்'. ரஷ்யாவிலோ பணத்துக்கான 'தெங்கி' என்ற சொல்லே துருக்கிய வழி வந்ததுதான், யாரும் அதை வெளியேற்ற நினைக்கவில்லை.