எட்டு மாரி கண்ட சீற் கூரை

யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்கள் வீட்டு ஓடுகளைக் கழற்றிவிட்டு 2017 ஆவணியில் கலர் சீற் (நிறம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு) போட்டோம். அதன் பிறகு எட்டு மாரி போய்விட்டது. "நாங்களும் போடலாமோ?" என்று சொந்தக்காரர் கேட்டால் நான் இரண்டு கேள்விதான் திருப்பிக் கேட்பேன். வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட? சீலிங் அடிக்கவும் காசு வைத்திருக்கிறீர்களா?

எங்கள் ஓட்டில் பெரிய பழுது இல்லை. மரத்தைத்தான் கறையான் தின்றுவிட்டது. ஓட்டுக்கூரை சதுர மீற்றருக்கு 40 கிலோ வரை பாரம் வரும். நாங்கள் எடுத்த 0.47 மில்லிமீற்றர் சீற் 5 கிலோகூட வராது. அதனால் புதிதாக மரம் தேடி அலையாமல் பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புச் சட்டம்) அடித்துக் கூரையை முடிக்க முடிந்தது. மரம் நன்றாக இருந்திருந்தால் ஓட்டில் கை வைத்திருக்கவே மாட்டேன். நல்ல வளையும் சலாகையும் (கூரை மரங்கள்) உள்ள, நடு முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடுகளில், வடிவுக்காக ஓட்டைக் கழற்றுவதைப் பார்க்க எனக்கு மனம் பதைக்கும். மலிவு என்று அஸ்பெஸ்டஸ் போடச் சொன்னவர்களும் உண்டு. அதை வெட்டும்போது பறக்கும் தூசு புற்றுநோய் தரும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்பாவுக்கு சீற் பிடிக்கவில்லை. 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் தகரக் கொட்டிலுக்குள் கிடந்த வெக்கையை அவர் மறக்கவில்லை. போதாததற்கு 2016இல் வடக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற பேச்சு வந்தபோது, இந்த வெயிலுக்கு இரும்பு வீடு சரிவருமா என்று ஊரெல்லாம் கேட்டது. "தம்பி, அடுப்புக்குள்ள எங்களைப் படுக்க வைக்கப் போறியோ?" என்றார்.

அவர் கேட்டதில் பாதி உண்மை என்று பிறகு விளங்கியது. காசு போதாமல் விறாந்தைக்கும் முன் அறைகளுக்கும் மட்டும் சீலிங் அடித்தோம். சீற்றுக்குக் கீழே நாலு விரற்கடை இடைவெளி விட்டு வெள்ளிப் பளபளப்புத் தாள், அதற்குக் கீழே சீலிங், இரண்டு முகட்டுச் சுவரிலும் காற்றுப் போகத் துவாரம். பின் அறையும் குசினியும் வெறும் சீற்றோடு இருந்தன. ஒரே வீடு, ஒரே கூரை. ஆனால் சித்திரை மாதம் மத்தியானம் முன் அறையில் படுக்கலாம், பின் அறையில் கால் மணி நேரம் இருக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது ஃபானும் இல்லை. குடும்பம் முழுக்க விறாந்தையில்தான் படுத்தது. அடுத்த வருடம் கடன் பட்டுப் பின் அறைக்கும் சீலிங் அடித்தேன்.

ஓட்டுக்கூரை இடுக்குகளால் மூச்சு விடும், சீற் விடாது. அதனால் காற்றோட்டத்தை நாங்களே வைக்க வேண்டும். பளபளப்புத் தாளைச் சீற்றோடு ஒட்டவைத்து அடித்தால் சூடு நேரே கடந்து வந்துவிடும், அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது. நிறமும் முக்கியம். வெளிர் நிறம் எடுங்கள். கடும் சிவப்பு ஓட்டைப் போலத் தெரியும் என்று எடுத்தேன், இன்றைக்கு என்றால் எடுக்கமாட்டேன்.

மழைச் சத்தம் சீலிங் உள்ள பக்கம் குறைவு. குசினியில் மாரி மழைக்குப் பேச்சுக் கேட்காது. மார்கழி, தை விடியப்புறங்களில் சீற் குளிர்ந்து உள்பக்கம் பனி பூத்துச் சொட்டும். ஒழுக்கு என்று நினைத்து நான் இரண்டு முறை மேலே ஏறித் தேடியிருக்கிறேன்.

உண்மையான ஒழுக்கு ஸ்குறூவால் வந்தது. வேலைக்கு வந்தவர்கள் சில இடங்களில் ரப்பர் வாசர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கிவிட்டார்கள். சீற் வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும், பிதுங்கிய ரப்பர் மூன்றாம் வருடமே வெடித்தது. கூரைக்கு மேலேயே கிறைண்டரால் வெட்டியதில் பறந்த இரும்புத் துகள் படிந்து, முதல் மழைக்கே மண்ணிறப் புள்ளிகள். வெட்டுவது நிலத்தில், கத்தரியால் நடக்க வேண்டும். துளைத்த துகளை அன்றைக்கே கூட்டித் தள்ள வேண்டும். நனைந்த சீமெந்தும் சீற்றில் படக்கூடாது, பூச்சை அரித்துவிடும். இப்போது ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு ஸ்குறூவையும் பார்க்கிறேன்.

புரெவிப் புயல், 2020 மார்கழி. கூரை பாரமில்லாதது, காற்று தூக்கிவிடுமோ என்று இரவு முழுக்கப் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பொக்ஸ் பாரைச் சுவர்க் கொங்கிறீற்றுக்குள் கம்பி விட்டுக் கட்டியிருந்தோம், தாழ்வாரத்திலும் முகட்டிலும் ஸ்குறூ நெருக்கமாக அடித்திருந்தோம். கட்டாமல் விட்டால் காற்று கீழால் புகுந்து கழற்றிவிடும். தேங்காய் விழுந்து மூன்று இடத்தில் நெளிவு உண்டு. ஓடு என்றால் உடைந்து ஒழுகியிருக்கும்.

நான் எதிர்பாராத நன்மை தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும். கூரை கிட்டத்தட்ட 90 சதுர மீற்றர். 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,800 லீற்றர் வரும். பீலி போட்டு, முதல் மழையை வெளியே விட்டுப் பிறகு தாங்கியில் பிடிக்கிறோம்.

பருத்தித்துறையில் மாமியின் வீடு கடலில் இருந்து நூறு யார்கூட இல்லை. அங்கேயும் இதே வகைச் சீற், அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு உள்ளதுதான். நாலாம் வருடமே வெட்டு விளிம்புகளிலும், தாழ்வாரத்துக்குக் கீழே மழை கழுவாத இடத்திலும் கறள் ஏறிவிட்டது. கடலுக்கு எட்ட உள்ள எங்கள் வீட்டில் இன்னும் அந்த அளவுக்கு இல்லை. போன மாதம் மாமி கேட்டா, "திரும்ப சீற்றே போடுவமோ?" வேண்டாம் மாமி, ஓடே போடுங்கோ என்றேன். மரத்துக்கு நானும் காசு போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.