மெஷின் தங்கம், பெடல் விசர்: என்ட தையல் மெஷின் கதை

கெம்பஸில எங்கட ஜூனியர் பட்ச் பிள்ளை ஒண்டு வொட்ஸ்அப்பில கேட்டிருந்தா, "அக்கா நீங்க வச்சிருக்கிற மெஷின் விலை இறங்கியிருக்காம், எடுக்கவா?" எண்டு. வொய்ஸ் மெசேஜ் போடத் தொடங்கினன், அது நிக்கவே இல்லை, பிறகு அதையும் அழிச்சிட்டு எழுதியே விடுவம் எண்டு இருந்திட்டன். கொம்பனிப் பேர் சொல்லேல்லை. இந்த விலைக்குள்ள வாற வீட்டு மெஷின் கனக்கத்துக்கு இந்தக் கதை பொருந்தும், அதோட நேற்றுத்தான் ரிப்பெயர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தது, இப்ப பேர் சொன்னா வாயில நல்லது வராது.

நான் எடுத்தது டொலர் ஏறி நிண்ட காலம். 2022 தொடக்கத்தில 200 சொச்சத்தில இருந்த டொலர் மே மாசத்தில 360ஐத் தாண்டினது ஆருக்கும் மறந்திருக்காது, பிறகு 300 பக்கம் இறங்கி வந்தும் கடைக்காரர் ஏத்தின விலையை இறக்க அவசரப்படேல்லை. இப்பதான் இறக்கியிருக்கினம். வயிறு எரியாமல் இல்லை. ஆனா என்ட கோவம் விலையில இல்லை, பெடலில.

மேல இருந்து போடுற பொபின் (கீழ்நூல் உருளை), ஒரு ஸ்டெப் பட்டன்ஹோல், ஃப்ரீ ஆர்ம் (கை, கால்சட்டைக் குழாயைக் கொழுவித் தைக்கிற ஒடுங்கின பக்கம்), ஊசிக்கு நூல் கோர்க்கிற கொக்கி, இதெல்லாம் பெட்டியிலயே எழுதியிருக்கு, எல்லாருக்கும் தெரியும். பெட்டியில எழுதாதது என்னெண்டா அந்தப் பெடலில காலை வச்சு அமத்தினா முதல்ல ஒண்டுமே நடக்காது. இன்னும் கொஞ்சம் அமத்தினா மோட்டர் உம்ம்ம் எண்டும், ஊசி அசையாது. அதுக்கு மேல ஒரு நூலளவு அமத்தினாப் போதும், பின்னால இன்னொரு பஸ் வாறதைக் கண்ட கொழும்பு 101 பஸ்காரன் காலிக்குப் போற மெயின் ரோட்டில வெளிக்கிடுற மாதிரி ஒரு பாய்ச்சல்.

நேர்க்கோட்டுத் தையலுக்கு இது பரவாயில்லை, திரைச்சீலை தைக்கிற ஆக்களுக்கு இப்பிடி ஒரு குறை இருக்கிறதே தெரிய வராது. கொலர் தைச்சுப் பாருங்கோ. கொலர் நுனியில ஊசி துணிக்குள்ள இறங்கி நிக்கவேணும், ஃபுட்டை, அதுதான் துணியை அமத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, திருப்பி ஃபுட்டை இறக்கி அடுத்த பக்கம் போகவேணும். சாக்கால போட்ட புள்ளிக்கு முன்னால ரெண்டு தையல் இருக்கேக்க நான் மூச்சைப் பிடிச்சு காலைத் தொட்டும் தொடாமலும் வைப்பன், அது புள்ளியைத் தாண்டிப் போய்த்தான் நிக்கும். பிரிக்கிறதெண்டா கொட்டனில பிரிக்கலாம். சட்டினில பிரிச்சா ஊசி ஓட்டை அப்பிடியே வரிசையா நிக்கும், அயன் பண்ணினாலும் போகாது, லெக்சரர் கண்ணாடியைக் கழட்டாமலே கண்டுபிடிச்சிடுவா.

அதால கொலர் நுனி எல்லாத்துக்கும் இப்ப பெடலே இல்லை, வலப்பக்கச் சில்லைக் கையால சுத்தித்தான் தைக்கிறன். காசு குடுத்து கரண்ட் மெஷின் வாங்கிட்டு கையால சுத்திறது. சரி.

ரிப்பெயர் செய்த பாஸ் மருதானைப் பக்கம் சின்னக் கடை வச்சிருக்கிற வயசான ஆள், நல்ல மனுசன், பெடலைத் திறந்து காட்டித்தான் விளங்கப்படுத்தினார். உள்ள ஒரு குட்டி போர்ட், அதில ஒரு தடம், கால் அமத்த அமத்த அந்தத் தடத்தில ஒரு தொடுப்பு ஊர்ந்து போகுது, அது எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு கரண்ட் மோட்டருக்குப் போகும். தடத்தில நூல் தும்பும் தூசியும் அடைஞ்சா ஒரு இடத்தில தொடுப்பு விட்டுப்போகும், அடுத்த இடத்தில திடீரெண்டு பிடிக்கும், அந்த இடத்திலதான் என்ட சட்டினுக்கு சனி. அதைத் துடைச்சு ஸ்ப்ரே அடிச்சுத் தந்தார். மற்றப் பாதிக்கு மருந்தில்லையாம். இந்த மாதிரி மோட்டருக்கு ஆறுதலா ஓடேக்க கிடைக்கிற கரண்டும் குறைவு, அதால வலுவும் குறைவு, தடிப்பான துணி வந்தா ஊசி இறங்காமல் முக்கும், நாங்கள் இன்னும் அமத்துவம், ஊசி துணியைத் துளைச்ச உடன அமத்தினது எல்லாம் வேகமா மாறிடும். "இது மெஷின்ட குணம் மகள்" எண்டார். அவர் சொன்னது நியாயம்தான், எனக்கு ஆறுதலா இருந்தது எண்டு மட்டும் சொல்லேலாது.

இதில எனக்குக் கூடுதலா ஏறுறது ஏனெண்டா நான் கால் பழகின மெஷின் ரெண்டும் வேற. வீட்டில அம்மம்மான்ட சிங்கர் கால்மெஷின், இப்பவும் ஓடுது, ஒரு மிதிக்கு எத்தனை தையல் விழும் எண்டு காலுக்கே தெரியும், 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளிலயும் அம்மா அதில பக்கத்து வீட்டு யூனிபோர்ம் தைச்சுக் குடுத்தவ. கெம்பஸில ஜூக்கி. அது நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கில தையல் ஓடுற ஃபெக்டரி மெஷின், என்ட வீட்டு மெஷின் எழுநூறு எண்ணூறு போனாலே பெரிய காரியம், ஆனா சேர்வோ மோட்டர் (வேகத்தை நுணுக்கமா அடக்கிற மோட்டர்) போட்ட ஜூக்கியில ஒரு தையல் மட்டும் போடு எண்டா ஒரு தையல்தான் போடும். அவ்வளவு வேகமான மெஷின் சொல்லுக் கேக்குது, இது கேக்காது.

பெடலுக்கு இன்னொரு குணமும் இருக்கு, வழுக்கிறது. வெள்ளவத்தையில எங்கட அபார்ட்மென்ட் நிலம் முழுக்க டைல்ஸ், பெடலுக்கு அடியில நாலு மூலையில குட்டி ரப்பர் பொட்டு, அது வந்த கொஞ்ச நாளிலயே காஞ்சு வழுவழுப்பாப் போச்சு. அமத்த அமத்த பெடல் முன்னால ஓடும், நான் கதிரையில இருந்து காலை நீட்டி நீட்டிப் பின்னால போவன், கடைசியில சுவருக்கு முட்டுக் குடுத்துத் தைக்கிறது. ஈரத் துவாய் போட்டன், அது சுருண்டு போச்சு. பிறகு கண்டுபிடிச்ச வைத்தியம் சிலிக்கோன் பேக்கிங் மெட். குக்கீஸ் வைக்கிற மெட்தான், டைல்ஸில ஒட்டினது ஒட்டினதுதான், பெடல் அசையாது.

அதில வந்த சண்டை வேற. எங்கட வீட்டில மெஷின் இருக்கிற மேசைதான் மா குழைக்கிற மேசையும், குசினியில ஆள் திரும்ப இடமில்லை. ஞாயிறு எண்டா நாலைஞ்சு பேர் வந்திடுவினம், ஒருத்தி லவ் கேக்குக்கு கஜு வெட்டுவா, ஒருத்தி ஃபைனல் அசைன்மென்டுக்கு டோயில் (முதல்ல மலிவுத் துணியில தைச்சுப் பாக்கிற மாதிரி உடுப்பு) வெட்டுவா, மற்றவ ரெண்டும் செய்யாமல் பாட்டுப் போடுவா. லவ் கேக் எங்களுக்கு வசதி. ரவையும் பூசணித்தோசியும் தேனும் ரோஸ் வாட்டரும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த பாரமான கலவை, அதைச் சின்னச் சூட்டில ஒரு மணித்தியாலத்துக்கு மேல விடவேணும், அந்த நேரத்துக்கு ஒரு பாவாடை ஹெம் முடிச்சிடலாம். ஆனா குக்கீஸ் சுடுற நாளில "மெட் எங்க?" எண்டு கேட்டா நான் காலைத் தூக்கமாட்டன். இப்ப ரெண்டு மெட் வாங்கி வச்சிருக்கு, ஒண்டில "கால்" எண்டு மார்க்கரால எழுதியிருக்கு, நீங்கள் வந்து குக்கீஸ் சாப்பிட்டா பயப்பிடத் தேவையில்லை.

இன்னொண்டு, ஓவனையும் மெஷினையும் ஒரே எக்ஸ்டென்ஷனில குத்தாதேங்கோ. 2000 வோட் ஓவன் 230 வோல்டில கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும், சூடு குறைஞ்சு அது திருப்பி ஒன் ஆகிற நேரமெல்லாம் எங்கட வீட்டில மெஷின் லைட் ஒருக்கா மங்கும், தையல் ஒருக்கா இளைக்கும். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயர் எண்டா அது சூடேறிறதும் ஆபத்து. ஐசிங் சீனி தூசி பொபின் குழிக்குள்ள போனா எண்ணெயோட சேர்ந்து பசை மாதிரி ஆகிடும், அதால ஐசிங் வேலை தொடங்கினா மெஷினுக்குப் போர்வை. பழைய தலகாணி உறை காணும்.

இனி இந்த மெஷினில நான் வாயைப் பொத்திற இடம், பட்டன்ஹோல். ஃபுட்டுக்குப் பின்னால பட்டனையே செருகிட்டு, லீவரை இறக்கி, காலை வச்சா ஒரு பக்கம் போகும், முனையில குறுக்காக் கட்டும், மறுபக்கம் வரும். அளவு எடுக்கத் தேவையில்லை, பட்டன்தான் அளவு.   மருதமுனைக் கைத்தறியில ஒரு ஷேர்ட் தைச்சனான், தடிச்ச இழை, ஓரம் கையில பிரிஞ்சு வாற துணி, அதில வரிசையாப் போட்ட ஓட்டை எல்லாம் கடையில போட்ட மாதிரி. கெம்பஸில ஒரு அக்கா உள்பக்கம் திருப்பிப் பார்த்திட்டு "எங்க குடுத்துப் போட்டது?" எண்டு கேட்டா. அண்டைக்கு வீட்டுக்கு வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டன்.

ஓவன் கையுறையும் இதிலதான் தைச்சது, பழைய டெனிம், உள்ள பழைய கொட்டன் துவாய் மடிச்சு. கடையில விக்கிற பஞ்சு ஷீட் பொலியெஸ்டர், அது உள்ள வைக்காதேங்கோ, 250 டிகிரி தாண்டினா உருகிற சாமான், அதுக்கு முதலே இளகத் தொடங்கிடும். டெனிம் நாலு மடிப்பு சேருற இடத்தில கையால சில்லைச் சுத்தி, 100/16 எண்ட தடிச்ச ஊசி போட்டா முக்கி முக்கி என்டாலும் போயிடும். ஊசி வாங்கேக்க வீட்டு மெஷின் ஊசி எண்டு சொல்லிக் கேளுங்கோ, பெட்டாவில அவசரத்தில ஜூக்கி ஊசியைத் தூக்கித் தந்திடுவினம், அது உருண்டை அடி, இதுக்குத் தட்டை அடி.

போன டிசம்பரில எங்கட செட்டில ஒருத்திக்கு பர்த்டே, அடுத்த நாள் அவளின்ட அண்ணாக்குக் கலியாணம். சாறிச் சட்டை டெய்லரிட்டக் குடுத்தது, தோள் ஒரு பக்கம் இறங்கி, கை இறுகி வந்திருக்கு, இரவு எட்டு மணிக்கு அழுதுகொண்டு பையோட வந்து நிக்கிறா. கேக் ஓவனுக்குள்ள, ரிப்பன் கேக், மூண்டு நிறம். கையைப் பிரிச்சு, அக்குளில ஒரு சின்ன சதுரத் துண்டு வச்சு, தோளைத் திருப்பி வெட்டி, எல்லாம் நல்லாத்தான் போச்சு, ப்ரோகேட் துணி, சரிகை, ஒரு பிழை விட்டா இழை இழையா வந்திடும். கடைசிக் கை வளைவில பெடல் பாயப் பார்த்திச்சு, பர்த்டேக்காரி நிலத்தில இருந்து பெடலைக் கையால அமத்தினா, நான் "போ, நில், போ, நில்" எண்டு சொன்னன். கால் செய்யாததை அவளின்ட கை செய்திச்சு. பன்னெண்டு மணிக்கு கேக் வெட்டேக்க ஒருத்தற்ற உடுப்பிலயும் நூல் இல்லாத இடமில்லை, ஐசிங் இல்லாத இடமுமில்லை.

துருவைப் பற்றியும் சொல்லிடுறன், மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு. உப்புக் காத்து ஊசித் தட்டில முதல்ல பிடிக்கும், பிறகு ஃபுட் ஸ்க்ரூவில. மூடி வையுங்கோ, ஜன்னல் பக்கம் வையாதேங்கோ, அவ்வளவுதான். மெஷின்ட உடம்பில குறை சொல்ல எனக்கு ஒண்டுமில்லை. டென்ஷன் (நூல் இறுக்கம்) ஒருக்கா வச்சா மாறாது, நூல் சிக்கிறது குறைவு, சத்தமும் இரவு பதினொரு மணிக்குக் கீழ் வீட்டு அங்கிள் மேல வாற அளவுக்கு இல்லை.

எடுக்கவா எண்டு கேட்டதுக்கு, எடுக்காதை தங்கச்சி. இறங்கின விலைக்கும் எடுக்காதை, கொலரும் சட்டினும் தைக்கிற பட்ச்சுக்கு இந்தப் பெடல் சரிவராது, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து வேகத்துக்குத் தனி ஸ்லைடர் வச்ச மெஷின் பார். என்டதை விப்பியா எண்டும் கேட்டிருந்தாய், விக்கமாட்டன். நீ எப்பிடியும் போய் எடுக்கத்தான் போறாய், ஏனெண்டா விலை அப்பிடி, அப்ப கையோட நாலு மடிப்பு டெனிம் துண்டு ஒண்டு கொண்டு போ, கடைக்காரர் தாற மெல்லிய வெள்ளைத் துணியில ஓட்டிப் பார்க்காதை, சப்பாத்தைக் கழட்டிட்டு வெறுங்காலால ஆறுதலா அமத்திப் பார், பெடல் மட்டும் தனிய வாங்கேலுமோ எண்டும் கேள், என்ன விலை எண்டு எனக்கும் சொல்லு.