எந்த 2? மெக்னீசியம் அறிக்கையின் மூன்று அலகுகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் மெக்னீசியம் 2.0 என்று மட்டும் இருந்தால், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் வரும் மில்லிகிராம்/டெசிலிட்டர் என்றால் அது இயல்பு. மில்லி ஈக்விவலன்ட்/லிட்டர் என்றால் மேல் வரம்பை ஒட்டியது. லண்டனிலோ டொராண்டோவிலோ வரும் மில்லிமோல்/லிட்டர் என்றால் மேல் வரம்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு.

மில்லிகிராம் எடையைச் சொல்கிறது, மில்லிமோல் அணுக்களின் எண்ணிக்கையை, மில்லி ஈக்விவலன்ட் அவை சுமக்கும் மின்னேற்றத்தின் அளவை. மெக்னீசியத்தின் அணு எடை 24.3, ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர் என்பதால், மில்லிகிராம் கணக்கை 2.43ஆல் வகுத்தால் மில்லிமோல் வரும். அதை இரண்டால் பெருக்கினால் மில்லி ஈக்விவலன்ட். ஏனெனில் மெக்னீசிய அயனிக்கு இரண்டு மின்னேற்றம். உதாரணமாக 1.9 மி.கி. என்பது 0.78 மில்லிமோல், 1.56 மில்லி ஈக்விவலன்ட். இயல்பு அளவு லேபுக்கு லேப் சற்று மாறும், ஏறக்குறைய 1.7–2.2 மி.கி., அதாவது 0.7–0.9 மில்லிமோல்.

மூன்றில் எனக்குப் பெரிய கவலை மில்லி ஈக்விவலன்ட் மீதுதான். சோடியம், பொட்டாசியம் இரண்டுக்கும் மின்னேற்றம் ஒன்றே. அங்கே மில்லிமோலும் மில்லி ஈக்விவலன்டும் ஒரே எண். தினமும் அதைப் பார்த்துப் பழகிய கண் மெக்னீசியத்திலும் அப்படியே படித்துவிடும். கர்ப்பகால வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றும் பிரசவ வார்டில் இது உயிர்ப் பிரச்சினை. அங்கே இலக்கு 4–7 மில்லி ஈக்விவலன்ட் என்றே வழக்கமாகச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் 6 என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம். அந்த 6 மில்லிமோலாக இருந்தால் உண்மையில் 12 மில்லி ஈக்விவலன்ட்: முழங்கால் அனிச்சை மறையும் அளவைத் தாண்டி, மூச்சு தளரும் எல்லைக்கும் அப்பால். முழங்காலைத் தட்டிப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, சிறுநீரை அளப்பது ஆகியவற்றை மருத்துவர்களும் செவிலியர்களும் விடாமல் செய்வது எவ்வளவு சரி! அந்தச் சோதனைகளுக்கு அலகுக் குழப்பம் கிடையாது.

மில்லிகிராம் நமக்குப் பழகியது. மருத்துவர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். ஆனால் மருந்துப் பக்கம் போனால் அது தடுமாறுகிறது. எதன் மில்லிகிராம், உப்பினுடையதா தனிமத்தினுடையதா? ஊசியில் உள்ள 1 கிராம் மெக்னீசியம் சல்பேட்டில் தனி மெக்னீசியம் சுமார் 98 மி.கி.தான். அதையே 4 மில்லிமோல் என்றால் அந்தக் கேள்வியே எழாது.

அதனால் என் தேர்வு மில்லிமோல். உலக சுகாதார சபை 1977இலேயே மருத்துவத்துக்கு எஸ்.ஐ. எனும் பன்னாட்டு அலகு முறையைப் பரிந்துரைத்துவிட்டது; மில்லிமோல் அதைச் சேர்ந்ததுதான். இங்கே உடனடியாக மாற முடியாது என்றால், நம் லேப்கள் மில்லிகிராமுக்குப் பக்கத்தில் மில்லிமோலையும் அச்சிடலாம். மெக்னீசியத்துக்கு மில்லி ஈக்விவலன்டைக் கைவிடலாம்.

மில்லிமோலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இயல்பு எல்லையின் அகலமே 0.2தான் என்பதால் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் கட்டாயம். 1.6 மி.கி.யை மாற்றினால் 0.66, அதை 0.7 என்று முழுமையாக்கினால், குறைபாடு உள்ளவர் இயல்பானவராகிவிடுவார். வெளிநாட்டு ரிப்போர்ட்டை இங்கே காட்டுபவர்கள் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வராமல், அலகும் அந்த லேபின் இயல்பு அளவும் தெரியும் முழுத்தாளையே கொண்டுவர வேண்டும்.