ஒரே கிளிப், மூன்று மென்பொருள்: ஜிஃப் செய்ய எது?

வீடியோவை ஜிஃப் என்ற அசையும் படமாக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எங்கே போகப்போகிறது என்றுதான். வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கு என்றால் மென்பொருளே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவைச் சில விநாடிகளாக வெட்டினாலே ஜிஃப் என்று ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தி அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். உண்மையில் அங்கிருந்து போவது ஒலி இல்லாத எம்பி4 வீடியோதான். டெலிகிராமும் அப்படித்தான் செய்கிறது. நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டோஷாப்பில் இழைத்த ஜிஃப்பை அனுப்பினாலும் அது வீடியோவாக மாறித்தான் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்.

நிஜமான ஜிஃப் கோப்பு வேண்டியிருப்பது மின்னஞ்சல் வாழ்த்துக்கு, பவர்பாயிண்ட் ஸ்லைடுக்கு, சமூக மன்றத்தின் நிகழ்ச்சி அறிவிப்புப் பக்கத்துக்கு. சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போதும் தீபாவளி நெருங்கும்போதும் இந்த வேலை யாராவது ஒரு தொண்டூழியர் தலையில் வந்து விழும். அவருக்காகத்தான் போட்டோஷாப், கிம்ப், ஃபோட்டோபீ மூன்றையும் பற்றிய இந்த அலசல்.

ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரி கிளிப் வைத்துக்கொள்வோம். சிராங்கூன் ரோட்டுத் தீபாவளி விளக்கு அலங்காரம், கைப்பேசியில் எடுத்தது, 8 விநாடி, 1080பி, விநாடிக்கு 30 ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள்). அதை 480 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கீழே ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று எழுத வேண்டும். ஜிஃப்புக்கு இதைவிடக் கஷ்டமான கிளிப்பைத் தேடுவது சிரமம். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த இந்த வடிவத்தில் ஒரு வண்ணப் பட்டியலுக்கு 256 நிறம்தான் உச்சம். இரவு வானத்தின் கருநீலம் படிப்படியாக மாறும் இடத்திலேயே பாதி நிறம் தீர்ந்துவிடும். மிச்சத்தில்தான் அத்தனை விளக்குகளும் பிழைக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் வழி நேரானது. ஃபைல், இம்போர்ட், வீடியோ ஃபிரேம்ஸ் டு லேயர்ஸ். வரும் பெட்டியில் கிளிப்பின் எந்தப் பகுதி வேண்டும் என்று குறித்துவிட்டு, எத்தனை ஃபிரேமுக்கு ஒன்றை எடுக்க வேண்டும் என்ற எண்ணையும் கொடுக்கலாம். இந்த எண்ணைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். 8 விநாடியை அப்படியே எடுத்தால் 240 லேயர், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய 240 படத்தாள். 1080பி அளவில் ஒரு லேயருக்கு ஏறக்குறைய 6 மெகாபைட் என்றால் மொத்தம் ஒன்றரை ஜிகாபைட் நினைவகம் போய்விடும்; சாதாரண மடிக்கணினி மூச்சுத் திணறும். ஒரே தடவையில் 500 ஃபிரேமுக்கு மேல் இறக்கவும் விடாது. மூன்றுக்கு ஒன்று என்று கொடுங்கள். 80 ஃபிரேம், விநாடிக்கு 10. விளக்கு மினுக்குவதற்கு அது தாராளம். டைம்லைனில் ஒவ்வொரு ஃபிரேமும் 0.1 விநாடி நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஃப் நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடிகளாகத்தான் எண்ணும் என்பதால் விநாடிக்கு 30 ஃபிரேம் அதில் சரியாக உட்காராது. 10, 12.5, 20, 25 இவை உட்காரும்.

போட்டோஷாப்பின் பலம் தெரிவது அடுத்த கட்டத்தில். வாழ்த்து வரியை ஒரு லேயராக மேலே வைத்தால், ஒரே லேயர் 80 ஃபிரேமிலும் தெரியும். ஒரு ஃபிரேமை அசையாப் படமாக மேலே வைத்து, மாஸ்க் என்ற மறைப்புத் திரையில் ஒரு ஓட்டை போட்டு, விளக்கு மட்டும் மினுக்கி மற்றதெல்லாம் உறைந்து நிற்கும்படியும் செய்யலாம். இது அழகுக்கு மட்டுமில்லை. ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறாத இடத்தை மறுபடி சேமிக்கத் தேவையில்லாததால் கோப்பும் கணிசமாக இளைக்கும். கையில் பிடித்து எடுத்த கிளிப்பில் கை ஆட்டத்தால் மொத்தப் படமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் ஓட்டைக்குள் தெரிவது உறைந்த படத்தோடு பொருந்தாது; ஸ்டாண்டில் வைத்து எடுத்த கிளிப்புக்குத்தான் இந்த உறைய வைக்கும் வேலை சரிவரும்.

சேமிக்க, எக்ஸ்போர்ட் பட்டியலில் சேவ் ஃபார் வெப். பக்கத்தில் லெகசி என்று போட்டிருக்கும். பழசு என்று ஒதுக்கிவிட்டு எக்ஸ்போர்ட் ஆஸ் பக்கம் போனால் அசையாத ஒற்றைப் படம்தான் கிடைக்கும். சேவ் ஃபார் வெப்பில் வண்ணப் பட்டியல் கண்ணெதிரே விரியும். வாழ்த்து வரியின் மஞ்சள் நிறம் படத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்று மென்பொருள் அதைக் கழித்துவிடப் பார்க்கும். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிட்டால் தப்பிக்கும். டிதர் என்ற புள்ளி கலக்கும் முறையில் டிஃப்யூஷன் ஒற்றைப் படத்தில் நன்றாக இருக்கும். அசையும் படத்தில் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி, வானத்தில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். பேட்டர்ன் போட்டால் புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்கும், கோப்பும் சிறுக்கும். இந்த அளவுக்குக் கைவைக்க விடுவது மூன்றில் போட்டோஷாப் மட்டும்தான் என்பேன்.

ஆனால் மாதச் சந்தா. 2013-இலிருந்து புதிய பதிப்புகளை மொத்தமாக விலைக்கு வாங்க முடியாது. சிங்கப்பூர் அரசு திறன் பயிற்சிக்காகத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருக்கும் தொகை போட்டோஷாப் வகுப்புக் கட்டணத்துக்கு உதவும். சந்தாவை அதில் கட்டிவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தீபாவளி வாழ்த்துக்காக அடோபிக்கு மாதாமாதம் அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்தால் அது வேறு விஷயம்.

கிம்ப் இலவசம், இணையமும் வேண்டாம். ஆனால் வீடியோவை நேரே திறக்காது. கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் போன்ற ஒன்றை வைத்து கிளிப்பைப் பிஎன்ஜி படங்களாகப் பிரித்து, ஓபன் ஆஸ் லேயர்ஸ் வழியாக மொத்தமாக உள்ளே கொண்டுவர வேண்டும். பாதிப் பேர் இங்கேயே திரும்பிவிடுவார்கள். தாண்டி வந்தவர்களுக்கு அடுத்த சிக்கல்: கிம்ப்பில் ஒரு லேயர் என்றால் ஒரு ஃபிரேம். எழுத்தைத் தனி லேயராக வைத்தால் அதுவே ஒரு ஃபிரேமாகி, வாழ்த்து வரி ஒரு கணம் பளிச்சென்று வந்து மறையும். 80 லேயரிலும் ஒட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அடி லேயரில் முழுப்படத்தையும் எழுத்தையும் சேர்த்து வைத்துவிடுங்கள். மேலே வரும் லேயர்களை விளக்கு இருக்கும் பகுதி மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். சேமிக்கும்போது கம்பைன் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு துண்டும் அடியில் இருப்பதன் மேல் வந்து உட்காரும்; எழுத்தை யாரும் தொடமாட்டார்கள். கோப்பும் சின்னதாகும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுத்த கிளிப்புக்குத்தான் இது பொருந்தும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘அனிமேஷனாக’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால் எல்லாம் ஒரே படமாகத் தட்டையாகிவிடும்.

ஃபோட்டோபீ உலாவியிலேயே ஓடுவது. செக் நாட்டுக்காரர் இவான் குட்ஸ்கிர் எழுதியது. பக்கவாட்டில் விளம்பரம் வரும், மற்றபடி இலவசம். முகம் போட்டோஷாப்பை அப்படியே உரித்து வைத்திருக்கும். லேயரின் பெயர், இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே சின்ன ஆங்கில ‘ஏ’ (_a_) என்று தொடங்கினால் அது ஒரு ஃபிரேம். அப்படித் தொடங்காத லேயர் எல்லா ஃபிரேமிலும் தெரியும். அவ்வளவுதான் விதி. கிம்ப்பில் தலையைச் சுற்றிக் காதைத் தொட்டுச் செய்த எழுத்து வேலை இங்கே ஒரு லேயரோடு முடிகிறது. வண்ணப் பட்டியலில் போட்டோஷாப் அளவுக்கு நுணுக்கம் கிடையாது. படங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கும், வேறெங்கும் ஏற்றப்படுவதில்லை.

அந்தக் கடைசி விஷயத்தைப் பள்ளி நிகழ்ச்சி கிளிப் வைத்திருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். கிளிப்பை ஏற்றினால் ஜிஃப்பாகத் திருப்பித் தரும் தளங்கள் நிறைய. ஈசிஜிஃப் அதில் பிரபலமானது, வேலையும் சுத்தம். விளக்கு அலங்காரத்தை ஏற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. மேடையில் பாரதியார் பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளின் முகம் என்றால், பெற்றோரைக் கேட்காமல் வேறொருவர் சர்வருக்கு அனுப்பக் கூடாது.

எழுத்தே வேண்டாம், கிளிப் சும்மா ஜிஃப்பாக மாறினால் போதும் என்பவருக்கு மேலே சொன்ன மூன்றுமே அதிகம். எஃப்எஃப்எம்பெக்கில் பேலட்ஜென் என்ற கட்டளை அந்தக் கிளிப்புக்கென்றே ஒரு வண்ணப் பட்டியலைத் தயாரிக்கும், பேலட்யூஸ் அதைப் பயன்படுத்தும். கட்டளை எழுதப் பயமாக இருந்தால், மேக்கில் கிஃப்ஸ்கி செயலி. அது ஃபிரேமுக்கு ஃபிரேம் வண்ணப் பட்டியலை மாற்றி, 256 என்ற வேலியைச் சாமர்த்தியமாகத் தாண்டும். நம் இரவு வானத்துக்கு அதுதான் பேரழகு. கோப்பு மட்டும் கொஞ்சம் பருக்கும்.

அப்புறம் தமிழ் எழுத்து. ஆங்கில ஒப்பீடுகளில் இது வராது, நமக்கோ இதுவே பாதி முடிவு. பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழைத் தட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போகும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும். 2022 பதிப்பிலிருந்து எழுத்து இயந்திரமே மாறிவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. கிம்ப்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. தட்டினால் தட்டியபடி வரும். எந்த மென்பொருளானாலும் வேலையை ஆரம்பிக்கும் முன் ‘கொ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். கணினித் தமிழுக்காக 1997-இலேயே நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாடு நடத்திய ஊர் இது. இங்கே உடைந்த கொம்போடு ஒரு வாழ்த்து அட்டை வெளியே போனால் மனசு கேட்காது.

எழுத்துரு தடிமனாக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழின் கனமான வடிவம் போதும், மேக்கில் இணைமதியும் நன்றாக இருக்கும். நிழல், தங்க நிற மினுமினுப்பு எதுவும் வேண்டாம். 480 பிக்சலில் ‘ழ்’, ‘ள்’ வளைவுகளுக்குள் டிதர் புள்ளி நுழைந்தால் புள்ளி எது, மெய் எது என்று தெரியாது.

எதில் செய்தாலும் கிளிப் சரியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கைப்பேசிகள் வழக்கமாக எடுப்பது விநாடிக்கு 30 ஃபிரேம். இரண்டும் ஒத்துப்போகாததால் சில விளக்குகளின் கீழே வீடியோவில் பட்டை பட்டையாகத் துடிப்பு ஓடும். ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக மாறுவதால் ஜிஃப் ஊதிப்போகும். கேமரா அமைப்பில் 25 ஃபிரேம் இருந்தால் அதில் எடுங்கள். ஐபோனில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மாற்றும்போது நிறம் வெளுத்துவிடும்.

என் தேர்வு: பெரும்பாலானவர்களுக்கு ஃபோட்டோபீ. சந்தா கையில் இருந்து, மாஸ்க் வேலையில் ருசியும் இருந்தால் போட்டோஷாப். கிம்ப்பை, ஏற்கெனவே அதில் பழகியவர்களுக்கு மட்டும் சொல்வேன். மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள் என்றால் ஒன்று: பழைய அவுட்லுக் பதிப்புகள் ஜிஃப்பின் முதல் ஃபிரேமை மட்டும்தான் காட்டும். வாழ்த்து வரி மெல்ல மலர்ந்து வர வேண்டும் என்று ஆசைப்படாமல் அதை முதல் ஃபிரேமிலேயே முழுதாக வைத்துவிடுங்கள்.