கார் ஏசிக்கு ‘ஆயில் டாப்-அப்’ என்று பில் போடுகிறார்களா? உஷார்

மதுரைப் பக்கம் கார் ஏசி வேலைக்கு வண்டி விடப்போகிறவர்கள் ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயரைப் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லை, இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள் என்று பிறகு நாலு பேரிடம் பேசும்போது தெரிந்தது. 450 ரூபாய் ஆயிலில் ஆரம்பித்து 31,000 ரூபாயில் முடிந்த கதை இது.

என்னுடையது 2013 மாடல் சின்ன கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன கத்திரியில் ஏசி சுத்தமாகப் படுத்துவிட்டது. பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு ஏசி கடையில் விட்டேன். பார்த்தார்கள், கண்டென்சரில் (ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற பகுதி) லீக் என்றார்கள். அது உண்மைதான், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்த இடத்தை எனக்கே காட்டினார்கள் (கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் சேர்ந்து கசியும், அந்தக் கறைதான் அடையாளம்). சரி, மாற்றுங்கள் என்றேன். புது கண்டென்சர் போட்டார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் கடைப் பையன் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தான். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், லேபிள் கிடையாது, மூடிக்குப் பதில் துணி அடைத்திருந்தது. கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற பம்ப்) குழாயைக் கழற்றி அதன் வாயில் ஆயிலை ஊற்றினான். அளவும் இல்லை, கணக்கும் இல்லை, வீட்டில் ரசத்துக்கு உப்பு போடுகிற மாதிரி ஒரு கைப்பழக்கம். “எவ்வளவு ஊத்துறீங்க?” என்று கேட்டேன். “ஆயில் கூட இருந்தா நல்லதுதான் சார், கம்ப்ரஸர் ஸ்மூத்தா ஓடும்” என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன், பைக்குக்கு ஆயில் மாற்றிய அனுபவத்தை வைத்து அது நியாயமாகப் பட்டது. நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேக்யூமும் (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது) முடிந்து கேஸும் ஏற்றியாகிவிட்டது. பில் 8,400. அதில் ‘கம்ப்ரஸர் ஆயில் 450’ என்று தனி வரி.

மூன்று வாரம் ஓடியது. ராத்திரியில் சில்லென்று இருக்கும், மத்தியானம் சிக்னலில் நின்றால் வெறும் காற்று. திரும்பக் கொண்டுபோனேன். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு ஹை சைடு பிரஷர் (கம்ப்ரஸர் கேஸைத் தள்ளுகிற பக்கத்து அழுத்தம்) எகிறுது என்றார்கள், அதற்குச் சொன்ன வைத்தியம்தான் வேடிக்கை: “ஆயில் பத்தலை சார்.” இருந்த கேஸை அப்படியே காற்றில் திறந்துவிட்டு, அதே துணி அடைத்த பாட்டிலிலிருந்து இன்னொரு ஊற்று ஊற்றி, எடைமெஷினே இல்லாமல் கேஜ் முள்ளைப் பார்த்து மறுபடி கேஸ் ஏற்றினார்கள். ஆயிலுக்கு மட்டும் இன்னொரு 300, கேஸ் காசு தனி.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். அம்மாவும் கூட. சாத்தூர் தாண்டியதும் பானெட்டுக்குள் கடகடவென்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் கருகுகிற வாடை. பயத்தில் ஏசியை ஆஃப் செய்தேன், சத்தம் நின்றது. கம்ப்ரஸர் உள்ளே இறுகிவிட்டது, பெல்ட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஏசியை அணைத்ததும் பெல்ட்டையும் கம்ப்ரஸரையும் இணைக்கிற கிளட்ச் விட்டுவிட்டது, அதனால் பெல்ட் பிழைத்தது. மிச்ச தூரம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பட்டுச்சேலையில் அம்மா. அதைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும்.

திருநெல்வேலியில் மாமா ஒரு பழைய ஏசி மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, கடைசியா வேலை பாத்தவங்க எத்தனை மில்லி ஆயில் விட்டாங்க, என்ன ஆயில் விட்டாங்க?” என்னிடம் பதில் இல்லை. பில்லிலும் இல்லை.

கம்ப்ரஸரைக் கழற்றி அளவுக் கப்பில் கவிழ்த்தார். வந்தது 15 மில்லிகூட இருக்காது, கறுப்பாக, வெளிச்சத்தில் பார்த்தால் இரும்புத்தூள் மினுமினுத்தது. நான் குழம்பிவிட்டேன். அவ்வளவு ஊற்றினார்களே, எங்கே போயிற்று? அண்ணாச்சி கூலிங் காயிலிலும் (காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கிற பகுதி) குழாய்களிலும் நைட்ரஜன் அடித்து ஊதினார். கொழகொழவென்று வந்தது பாருங்கள், கப் நிறைந்து இன்னொரு டப்பா வைக்க வேண்டியதாயிற்று. ஆயில் எல்லாம் காயிலில் தேங்கிக் கிடந்திருக்கிறது, ஆயில் வேண்டிய கம்ப்ரஸர் மட்டும் காய்ந்து செத்திருக்கிறது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். எஞ்சினுக்குக் கீழே ஆயில் தொட்டி இருக்கிறது, டிப்ஸ்டிக் இருக்கிறது. கார் ஏசியில் இரண்டும் கிடையாது. ஆயில் கேஸோடு கலந்து கண்டென்சர், கூலிங் காயில், ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா) என்று சுற்றிவிட்டு கம்ப்ரஸருக்குத் திரும்பி வர வேண்டும். என் வண்டி மாதிரி கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸோடு அப்படிக் கலந்து சுற்றுவதற்கென்றே பிஏஜி என்ற செயற்கை ஆயில் இருக்கிறது, அதிலும் 46, 100, 150 என்று தடிமன் வாரியாக வரும், எது என்று கம்ப்ரஸரைப் பொறுத்தது. ஓசோனைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒழித்துக்கட்டப்பட்ட பழைய ஆர்12 கேஸ் காலத்தில் மினரல் ஆயில் விடுவார்கள். அந்த மினரல் ஆயிலை ஆர்134ஏ வண்டியில் விட்டால் கேஸோடு கலக்காது, போன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், திரும்பி வராது. என் வண்டியில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்றார், வந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தபடி.

சரியான ஆயிலாகவே இருந்தாலும் கூடுதலாக விட்டால் கெடுதல்தான். குழாய்க்குள் படலமாக ஒட்டிக்கொண்டு சூட்டைக் கடத்தவிடாது, கூலிங் குறையும், பிரஷர் ஏறும். என் வண்டியில் ஏறிய பிரஷருக்கு ஆயில் பத்தலை என்று இன்னும் ஆயில் விட்டார்களே, அது வயிறு உப்பி வந்தவனுக்கு இன்னொரு இலை போட்டுப் பரிமாறின கதை. சின்ன கார்களில் மொத்த ஏசிக்குமே ஆயில் பெரும்பாலும் 80-லிருந்து 150 மில்லிக்குள்தான். கண்டென்சர் மட்டும் மாற்றினால் அதில் தங்கிப்போன அளவுக்கு ஈடாக 30 மில்லி போலத்தான் சேர்ப்பார்களாம். வெறும் கேஸ் ஏற்றுவதற்கு, ஆயில் ஒழுகின அடையாளம் இல்லாவிட்டால், ஆயிலே தேவைப்படாது.

அந்தத் துணி மூடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிஏஜி ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் இறுக மூடின தகர டப்பாவில் வருகிறது. ஈரம் உள்ளே போனால் அமிலமாகி அரிக்கும், கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். ஆக, அந்தப் பாட்டிலில் இருந்தது சரியான ஆயிலாக இருந்திருந்தாலும் அது கெட்டுப்போன ஆயில்தான். மின்சாரக் கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் பல வண்டிகளில் கம்ப்ரஸரே கரண்டில் ஓடுகிறது, அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ என்ற வேறு வகை செயற்கை ஆயில்தான். அதில் போய் பிஏஜி விட்டால் இன்சுலேஷன் கோளாறில் கொண்டுபோய் விடும்.

செலவு? கம்ப்ரஸர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, மறுபடியும் கண்டென்சர். ஒன்றரை மாதம்கூட ஆகாத கண்டென்சர். இரும்புத்தூள் புகுந்துவிட்டால் அந்த மெல்லிய குழாய்களை முழுசாகக் கழுவ முடியாதாம். கூலி எல்லாம் சேர்த்து 31,000. ஆனால் வேலையைப் பார்க்க வேண்டுமே! புது கம்ப்ரஸரோடு வந்த ஆயிலைக்கூட நம்பாமல் கவிழ்த்து அளந்து பார்த்துவிட்டுத்தான் திரும்ப விட்டார். நாற்பது நிமிஷம் வேக்யூம் ஓட்டி, நிறுத்தி, லீக் இருந்து கேஜ் முள் அசைகிறதா என்று காத்திருந்தார். பிறகு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, சிலிண்டரை எடைமெஷினில் வைத்து, கிராம் கணக்கில் கேஸ். பில்லில் ‘பிஏஜி 46’ என்று எழுதி, பக்கத்தில் மில்லியும் எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்டிக்கரை உங்கள் வண்டியிலும் போய்ப் பாருங்கள். கேஸ் வகை, எடை, பல வண்டிகளில் ஆயில் வகைகூடப் போட்டிருக்கும்.

ஊர் திரும்பியதும் பில்லை எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். எந்த ஆயில் விட்டீர்கள் என்று கேட்டதற்கு முதலாளி கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார், “ஃப்ரிட்ஜுக்கு விடுற ஆயில்தான் சார், எல்லாம் ஒண்ணுதான், இருபது வருஷமா இதைத்தான் விடுறோம்.” ஏமாற்றுகிறாரா, நிஜமாகவே தெரியவில்லையா என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. காசு என்னவோ ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. கம்ப்ரஸருக்கு நாங்கள் பொறுப்பில்லை, பழைய வண்டி என்றார். ரொம்ப நேரம் வாக்குவாதம் செய்தபிறகு ஆயில் காசு 750-ஐ மட்டும் எடுத்து மேஜையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

வெளியே இன்னொரு வண்டி பானெட் திறந்து நின்றது. அதன் ஓனரிடம் போய், “அண்ணே, எந்த ஆயில், எத்தனை மில்லின்னு கேட்டுக்கங்க” என்றேன். கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவன் வேறு என்ன சொல்வான் என்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டு போனில் மூழ்கிவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.