கோழிக்கடை பிரான்சைஸ்: இலவசப் பயிற்சிக்கு நான் கட்டும் காசு

அக்கரைப்பற்றுக் கூட்டாளி ஒருவர் கேட்டிருந்தார்: "மச்சான், உன்ட கடை மாதிரி நானும் ஒண்டு எடுக்கட்டா?" என்னுடையது பிரான்சைஸ் கடை: ஒரு கம்பனியின் பெயரையும் செய்முறையையும் காசு கட்டி வாங்கி நாமே நடத்துவது. ஆரம்பக் கட்டணம், றோயல்ட்டி (மாதா மாதம் விற்பனையில் கம்பனிக்குக் கொடுக்கும் பங்கு), விளம்பரப் பங்கு எல்லாம் விசாரித்துவிட்டார். அவர் கேட்காமல் விட்டது பயிற்சிச் செலவு.

கையெழுத்து வைக்கும்போது பயிற்சி இலவசம் என்பார்கள் கம்பனிக்காரர்கள். பொய்யில்லை, பாடத்துக்குக் காசில்லைதான். ஆனால் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பஸ் காசு, அறை வாடகை, மூன்று நேரச் சாப்பாடு எல்லாம் நம் தலையில். பயிற்சிக்குப் போனவனுக்குச் சம்பளம், அதற்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், நம்பிக்கை நிதி 3 சதவீதம். அவன் இடத்தில் இங்கே நிற்பவனுக்கும் சம்பளம். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கம்பஹாவில் கடை வைத்திருப்பவர் காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒப்பந்தம் ஒன்றுதான், செலவுதான் வேறு.

உலக வழக்கமே இதுதான். மக்டொனால்ட்ஸ் 1961இல் தொடங்கிய ஹம்பர்கர் யூனிவர்சிட்டி என்ற பயிற்சிப் பள்ளிக்குப் போகும் கடைக்காரர்களும் பயணச் செலவைத் தாங்களே பார்க்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாளாவது முன்னதாகக் கம்பனி, கடை எடுப்பவருக்கு விவரப் பத்திரம் தர வேண்டும். பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம், செலவு யாருடையது என்பதெல்லாம் அதன் 11ஆம் பகுதியில் இருக்கும். இலங்கையில் நமக்குப் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை.

முதல் தடவைச் செலவைக்கூட முதலீடு என்று விட்டுவிடலாம். மனேஜர் மாறினால் புதியவரும் கொழும்புக்குப் போக வேண்டும். அப்போது பாடத்துக்கும் கட்டணம். இங்கே மனேஜர் மாறாமல் இருப்பாரா? கம்பனிச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பொடியனுகளுக்குக் கட்டார் விசா கிடைத்துவிடுகிறது. நல்ல கெட்டிக்காரன் ஒருவன் தோஹாவிலிருந்து வொய்ஸ் அனுப்புகிறான்: "அண்ணன், இங்கயும் அதே எண்ணெய் டெஸ்ட்தான், லேசா இருக்கு." லேசாகத்தான் இருக்கும், படிப்பித்த காசு என்னுடையது.

இதில் பாடம் சிங்களத்தில், புத்தகம் ஆங்கிலத்தில். திரும்பி வந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஃபிரையருக்குப் பின்சுவரில் ஒட்டினோம். இந்த வேலைக்கு யார் கட்டணம் தருவது?

பயிற்சி மோசமா என்றால், அதுதான் இல்லை. முன்பு கொத்துக்கடை வைத்திருந்தபோது எண்ணெயை மணந்து பார்த்தே மாற்றுவோம். இப்போது சோதனைத் தாளை நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தொடைத் துண்டில் எலும்பில் படாமல் தேர்மோமீட்டரைக் குத்தி 74 பாகை காட்டினால்தான் தட்டுக்குப் போகும். மசாலா தடவிய பெட்டி ஒவ்வொன்றிலும் திகதி. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். அந்த மனுசன் சும்மா போகிற ஆள் இல்லை.

பயிற்றுநர் ஒருவரை இங்கே அனுப்புங்கள், ஓர் அறை வாடகையில் எல்லாருக்கும் படிப்பிக்கலாம் என்று தலைமை அலுவலகத்திடம் கேட்டேன். என் சமையலறை பயிற்சிக்கு அங்கீகரிக்கப்பட்ட இடம் இல்லையாம். அதே சமையலறையில் பொரித்த கோழிக்கு மாதம் தவறாமல் றோயல்ட்டி மட்டும் வாங்குகிறார்கள்!

ஆகவே கூட்டாளி, எடுக்காதே. எடுத்தே தீருவேன் என்றால், மாற்று மனேஜருக்கான பயிற்சிக் கட்டணத்தையும் அதை எவ்வளவு வரை கூட்டலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் இலக்கமாக எழுதச் சொல்லு. என்னுடையது இந்த வருடம் முடிகிறது. நான் புதுப்பிக்கத்தான் போகிறேன்.